சங்கு எந்தப் பக்கம்

ஆகஸ்ட் 4, திங்கள்

எங்கள் தையல் கம்பெனி முதலாளி ருக்குமணி அக்கா இன்று என்னிடம் ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். வெள்ளியும் சனியும் மாலை ஏழரைக்கு டிவியில் வரும் 'சங்கநாதன்' தொடரை விடாமல் பார்த்து, அவன் போட்டு வரும் உடையை இதில் குறிக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் குழந்தைகளுக்கான மாறுவேட உடை தைக்கிறோம். போலீஸ், டாக்டர், புலி, மயில். தீபாவளிக்கு எல்லாப் பிள்ளைகளும் சங்கநாதன்தான் கேட்பார்களாம்.

கட்டிங் மாஸ்டர் சுந்தரமூர்த்திக்கு இது பிடிக்கவில்லை. "பிசிறு வெட்டற புள்ள கையில நோட்டக் குடுக்கறீங்களாக்கா?"

"உங்களுக்குக் கண்ணு மங்கிருச்சு மாஸ்டர். அவளுக்கு எறும்போட கால்கூடத் தெரியும்" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "இந்த ஆர்டரு நல்லபடியாப் போச்சுன்னா தீபாவளிக்கு முன்னாடி உன்னய மிஷின்ல உக்கார வெக்கறன். செரியா?"

தலையாட்டினேன். பத்து மாதமாக நின்றுகொண்டே நூல் வெட்டுகிறேன். மிஷின் என்றால் உட்கார்ந்து செய்யும் வேலை.

"பேரு மட்டும் கோகிலவாணி. வாயத் தொறந்தா வெறுங்காத்துதான் வருது" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எபிசோட் 23. நீல உடை, கறுப்பு பெல்ட், நடு மார்பில் மஞ்சள் சங்கு. முதுகில் முழங்கால் வரை துணி. கம்பெனிக்கு வேண்டியது இவ்வளவுதான்.

மற்றதை எனக்காக எழுதுகிறேன். நோட்டின் இடதுபக்கம் அவர்களுக்கு, வலதுபக்கம் எனக்கு. வலதுபக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

இந்தத் தொடர் படுமோசம். இவனுடைய சக்தியே கத்துவதுதான். கத்தினால் சுவர் இடிகிறது, லாரி கவிழ்கிறது, திருடன் உண்மையைச் சொல்கிறான். இருபத்துமூன்று எபிசோட் கதையில் ஒரு பிரச்சினையைக்கூட இவன் யோசித்துத் தீர்க்கவில்லை. இவனோடு மலர் என்றொரு பெண் வருகிறாள். பேசவே மாட்டாள். அவளுக்கு ஆபத்து வருவதும் இவன் வந்து கத்துவதும்தான் பாதி எபிசோட்.

அம்மா பாதியில் தூங்கிவிட்டாள். மில்லில் இந்த வாரம் காலை ஷிப்ட். அவள் கொடுத்து வைத்தவள்.

ஆகஸ்ட் 16, சனி

எபிசோட் 25, 26. உடையில் மாற்றம் இல்லை. கதையிலும் இல்லை.

அணை உடைகிறது. இவன் தண்ணீரைப் பார்த்துக் கத்துகிறான். தண்ணீர் திரும்பிப் போகிறது. வெட்கமே இல்லையா இவர்களுக்கு?

கடைசியில் ஓர் அறிவிப்பு: அடுத்த வாரத்திலிருந்து தொடர் டிவியில் வராது, கட்டணம் கட்டிய ஆப்பில்தான், வெள்ளி இரவே இரண்டு எபிசோடும் வருமாம். சங்கநாதனுக்குப் புது உடையாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ருக்குமணி அக்கா தன் போனில் அந்த ஆப்பைப் போட்டுவிட்டார். "சனிக்கெழம காலைல மேல வந்து என்ற போன வாங்கிட்டுப் போங்க மாஸ்டர், இவ பாத்து எழுதட்டும்" என்றார். கம்பெனிக்கு மேல்மாடியில்தான் அவர் வீடு.

"செரிங்க்கா" என்றார் மாஸ்டர். அக்கா போனதும், "ஒரு போனுக்காக நான் படியேறிக் கைய நீட்டோணுமா? நாம பாக்காத படமா" என்று நூர்ஜகான் அக்காவிடம் சொன்னார்.

நூர்ஜகான் அக்கா துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் இருப்பவர். எங்களில் மாஸ்டரைக் கேலி செய்ய அவருக்கு மட்டும் அனுமதி. "முட்டி வலின்னு ஒத்துக்கங்க மாஸ்டர், நாங்க சிரிக்க மாட்டோம்" என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

எபிசோட் 27, 28. மாஸ்டரின் போனில் பார்த்தேன். ஏதோ குரூப்பில் வந்ததாம். ஆரம்பத்தில் வரும் பெயர்கள் இல்லை, முடிவில் வரும் பெயர்களும் இல்லை. ஓரமெல்லாம் வெட்டுப்பட்டிருக்கிறது. கடை போர்டுகள் எல்லாம் மங்கலாக இருக்கின்றன. ஏன் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் மாஸ்டரே, "ஓசி விளம்பரம் ஆயிருமுன்னு மறைச்சிருப்பானுக" என்றார்.

புது உடை: கருநீலம். சங்கு இனி நடுவில் இல்லை, வலது மார்பில். முதுகுத் துணி ஒரு தோளில் மட்டும், வலது தோளில். வலது கையில் மட்டும் மஞ்சள் உறை.

வலது என்றால் போடுகிறவனுடைய வலது. சேர்ந்த முதல் நாள் அக்கா சொல்லித் தந்த ஒரே பாடம் இது. 'பாக்கறவன் பக்கம் நமக்குத் தேவையில்ல, போடறவன் பக்கந்தான் நம்ம பக்கம்.' அதனால் நோட்டில் 'போடுகிறவன் வலது' என்றே மூன்று இடத்திலும் எழுதினேன்.

வலதுபக்கம்: ஆப்புக்குப் போனதும் இன்னும் கேவலமாகிவிட்டது. கமிஷனர் சட்டை ஆண்பிள்ளைச் சட்டையே இல்லை. பட்டன் பெண்கள் சட்டை மாதிரி மாறி விழுகிறது. நூர்ஜகான் அக்காவிடம் காட்டினேன். "அவசரத்துல பொண்டாட்டி சட்டையப் போட்டுட்டு டூட்டிக்கு வந்துட்டாரு பாவம்" என்றார். ஓவர்லாக் வரிசை முழுக்கச் சிரித்தது. உடை தைக்கிறவர்களுக்குத்தான் இந்தச் சிரிப்பு புரியும். ஆனால் ஒரு தொடருக்கு உடை கொடுக்கிறவன் இதைக்கூடப் பார்க்க மாட்டானா?

ஆகஸ்ட் 25, திங்கள்

என் நோட்டை வைத்து மாஸ்டர் பேட்டர்ன் போட்டார். இருநூற்றிருபது உடை. புது உடையில் முதலில் இறங்குவது நாமாகத்தான் இருக்க வேண்டும் என்று அக்காவுக்கு அவசரம். கட்டிங் மேஜையில் கருநீலத் துணி மலை மாதிரி இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஆகஸ்ட் 30, சனி

எபிசோட் 29, 30. உடை அதேதான்.

சங்கநாதனின் அம்மா ஊரிலிருந்து வருகிறாள். முந்தானையை வலது தோளில் போட்டிருக்கிறாள். எந்த ஊர்க்காரியோ. அவள் பரிமாற, இவன் இடது கையால் சோற்றைப் பிசைந்து தின்கிறான். பெற்றவள் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. உலகத்தைக் காப்பாற்றுகிறவன் சோற்றுக்கை எது என்று தெரியாமல் வளர்ந்திருக்கிறான். டைரக்டர் மாறிவிட்டார் என்று நினைக்கிறேன். அல்லது டைரக்டரே இல்லாமல் எடுக்கிறார்கள்.

வீட்டில் தண்ணீர் வரவில்லை. மூன்று குடம் பக்கத்துத் தெருவிலிருந்து தூக்கினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

முதலில் தைத்த நாற்பது உடைகள் கடைக்குப் போயின. என் கையால் பிசிறு வெட்டியவை.

செப்டம்பர் 6, சனி

எபிசோட் 31, 32. உடையில் மாற்றம் இல்லை.

பார்த்ததிலேயே மோசமான எபிசோட் 32தான். முதலில் சின்னது. விபத்து நடக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது. அதன் நெற்றியில் எழுத்து நேராக எழுதியிருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு முன்னால் திருப்பித்தான் எழுதுவார்கள், முன்னே போகும் வண்டிக்காரன் தன் கண்ணாடியில் பார்த்துப் படிப்பதற்காக. எட்டாம் வகுப்புப் பாடத்தில் வருவதுகூட இத்தனை பெரிய தொடர் எடுப்பவர்களுக்குத் தெரியவில்லை.

இனிப் பெரியது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கருவி உடைந்துவிடுகிறது. மலர்தான் உடைத்தாள் என்கிறார்கள். அவள் பேசாமல் நிற்கிறாள். சங்கநாதன் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து கத்துகிறான். உண்மையில் உடைத்தவன் நடுங்கி ஒத்துக்கொள்கிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். மலர் அழுகிறாள்.

இதை எழுதியவன் ஒரு முறையாவது அப்படி நின்றிருக்கிறானா? முப்பத்தெட்டுப் பேர் பார்க்க நிற்கும்போது நாக்கு எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியுமா? கூரையைப் பிய்த்துக்கொண்டு ஒருவரும் வர மாட்டார்கள். டீச்சர், "பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்" என்பார். அவ்வளவுதான் நடக்கும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றது வயிற்று வலியால்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் அக்கா மாடியிலிருந்து இறங்கி வரும்போதே செருப்புச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கையில் ஓர் உடை. கடைக்காரரின் பேத்தி அதைப் போட்டு எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, இது போலிச் சங்கநாதன் என்று கழற்றி எறிந்துவிட்டாளாம். சங்கு, தோள்துணி, கையுறை மூன்றும் மாறிப் போயிருக்கின்றன. எல்லாம் இடதுபக்கம் வர வேண்டுமாம். கடைக்காரர் நாற்பதையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

மாஸ்டர் என் நோட்டை எடுத்து விரித்தார். "பாருங்க்கா. வலது, வலது, வலது. இவ எழுதுனதத்தான் நான் வெட்டுனன். பாக்கற பக்கத்துக்கும் போடற பக்கத்துக்கும் வித்தியாசந் தெரியாமக் கெடுத்துப்போட்டா. ஒழுங்காப் பள்ளிக்கூடம் போயிருந்தா எடது வலது தெரிஞ்சிருக்கும்."

"அதுல 'போடுகிறவன் வலது'ன்னு எழுதியிருக்குதே மாஸ்டர்" என்றார் நூர்ஜகான் அக்கா.

"எழுதிட்டாப் போதுமா? டிவில அவன் நம்மளப் பாத்து நிக்கறான். இவளுக்குத் தலை சுத்திருச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். "சொல்லு அம்மிணி. மாத்தி எழுதிட்டியா?"

இல்லை. நான் மாற்றி எழுதவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை என் வலது கையை என் வலது மார்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தரையில் கிடந்த கருநீலத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணிக்கூடப் பார்த்தேன். பதினேழு.

"பேச மாட்டேங்கறா பாருங்க. தப்பு அவமேல இல்லைன்னா பேசியிருப்பாளே" என்றார் மாஸ்டர்.

"இனி நீ நோட்டத் தொட வேண்டாம்" என்றார் அக்கா. "நாளைக்கு வரும்போது உன்ற அம்மாளக் கூட்டிட்டு வா."

செப்டம்பர் 9, செவ்வாய்

வயிறு வலிக்கிறது. வேலைக்குப் போகவில்லை. அம்மாவிடம் அக்கா சொன்னதைச் சொல்லவும் இல்லை.

'உன் அம்மாவைக் கூட்டிட்டு வா.' அன்றைக்கும் இதே வார்த்தைதான். அம்மா மில்லில் லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். டீச்சர் மேஜைக்கு முன் நின்று, "தெரியாமப் பண்ணியிருப்பாங்க டீச்சர், மன்னிச்சுக்கங்க" என்று கும்பிட்டாள். நான் செய்யாத ஒன்றுக்காக அம்மா கும்பிட்டதை நான் பார்த்தேன். மறுநாள் காலையில்தான் முதல் வயிற்று வலி வந்தது.

சரி, எழுதிவிடுகிறேன். சயின்ஸ் லேபில் மைக்ராஸ்கோப்பின் லென்ஸ் உடைந்திருந்தது. கடைசியாக வெளியே வந்தவள் நான். அதற்கு முன்பே அது உடைந்துதான் இருந்தது.

பகல் பன்னிரண்டு மணி

சமைத்தேன். பாத்திரம் கழுவினேன். வேறு வேலை இல்லாததால் நோட்டை எடுத்து என் வலதுபக்கங்களைப் படித்தேன். நேற்று மாஸ்டர் மேஜையில் விட்டுப்போனதை யாருக்கும் தெரியாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

கமிஷனரின் பட்டன் மாறி விழுகிறது.

அம்மாக்காரியின் முந்தானை வலது தோளில்.

இடது கையால் சோறு.

ஆம்புலன்ஸ் எழுத்து நேராக.

நாலாவதைப் படித்ததும் எழுந்து சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். என் முந்தானை எந்தத் தோளில் என்று பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு எந்தத் தோளில் என்று பார்த்தேன்.

தொடர் எடுத்தவர்கள் தப்புச் செய்யவில்லை. படத்தையே யாரோ இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். போர்டுகளை மங்கலாக்கியது விளம்பரத்துக்காக இல்லை, எழுத்து இடவலம் மாறித் தெரிந்துவிடும் என்பதற்காக. ஆம்புலன்ஸ் எழுத்து மட்டும் திருப்பினால் நேராகிவிடும். அதனால்தான் அதை மட்டும் மறைக்காமல் விட்டுவிட்டான்.

எனக்கு என்மேலேயே கோபம். எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். நாலையும் நான்தான் எழுதினேன். அவர்கள் முட்டாள்கள் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டதால், எந்தத் தப்பைப் பார்த்தாலும் அவர்கள் செய்திருப்பார்கள் என்று நம்பிவிட்டேன். மாஸ்டர் என்னைப் பற்றி முடிவு கட்டியதும் இப்படித்தான்.

அவரோடு என்னைச் சேர்த்து எழுத வேண்டி வந்தது எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இறங்கும்போது அது மறந்துவிட்டது.

கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் அக்காவும் மாஸ்டரும் நின்றார்கள். "எங்க உங்கம்மா?" என்றார் அக்கா.

நான் மாஸ்டருக்கு முன்னால் கையை நீட்டினேன்.

"என்ன?"

"போன்" என்றேன்.

"எதுக்கு?"

என்னால் அதற்குமேல் முடியவில்லை. கை மட்டும் நீட்டியபடி இருந்தது. மடக்கவில்லை.

"குடுங்க மாஸ்டர், புள்ள கடிச்சுத் தின்னுருமா?" என்றார் நூர்ஜகான் அக்கா. ஓவர்லாக் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாஸ்டர் போனைக் கொடுத்தார்.

எபிசோட் 30 எடுத்தேன். சோறு தின்னும் இடத்தில் நிறுத்தினேன். பிள்ளைகளுக்கு உடை போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடிக்குப் போய், போனின் திரையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

கண்ணாடிக்குள் சங்கநாதன் வலது கையால் சாப்பிட்டான். அவன் அம்மாவின் முந்தானை இடது தோளில் இருந்தது. சங்கு அவனுடைய இடது மார்பில்.

ஆம்புலன்ஸையும் காட்டினேன். அது கண்ணாடிக்குள் இடவலம் மாறி, எல்லா ஆம்புலன்ஸையும் போல ஆனது.

"அட ஆமா!" என்று கத்தினார் நூர்ஜகான் அக்கா. "திருட்டுப்படம் போடறவனுக மாட்டிக்காம இருக்கத் திருப்பிப் போடுவானுக. என்ற தம்பி சொல்லியிருக்கறான். அன்னைக்கு அந்தக் கமிஷனர் சட்டையப் பாத்துச் சிரிச்சமே, நமக்குப் புத்தி எங்க போச்சு!"

ருக்குமணி அக்கா மெதுவாக மாஸ்டர் பக்கம் திரும்பினார். "திருட்டுப்படமா? என்ற போன வாங்கிட்டுப் போகச் சொன்னனே?"

மாஸ்டர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்தார். "நீங்க வேலையா இருப்பீங்கன்னு…"

"நாலு சனிக்கெழமையுமா?"

மூன்றுதான். ஆனால் திருத்தவில்லை.

அப்போதுதான் பஸ்ஸில் மறந்த வாக்கியம் திரும்பி வந்தது. "நான் மாத்தி எழுதலீங்க்கா. பாத்ததத்தான் எழுதினன். ஆனா பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

குரல் என்னுடையது மாதிரி இல்லை. சுவர் ஒன்றும் இடியவில்லை.

"இத அன்னைக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?" என்றார் அக்கா. கோபமாகத்தான் சொன்னார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நோட்டை வாங்கி, என் வலதுபக்கங்களை நின்றபடியே படித்தார். என் காது சுட்டது. ஓர் இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "இந்தப் பக்கத்தையும் இனி எனக்குக் காட்டு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

செப்டம்பர் 11, வியாழன்

நாள் முழுக்கப் பிரிக்கும் வேலை. சங்கைப் பிரிக்க வேண்டும், தோள்துணியைப் பிரிக்க வேண்டும், கையுறையை இடது கைக்குத் திரும்ப வெட்ட வேண்டும். வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் பிரித்தோம். மாஸ்டரும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பிரித்தார். முட்டியை நீட்ட முடியாமல் அடிக்கடி எழுந்து நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையில் என் கத்தி மழுங்கியபோது தன்னுடையதை என் பக்கம் தள்ளிவிட்டார். பார்க்காமலே தள்ளினார். எனக்கு அவரை இன்னும் பிடிக்கவில்லை. கத்தி நல்ல கத்தி.

பிரித்த உடைகளில் பழைய தையலின் ஓட்டை லேசாகத் தெரிகிறது. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் மறைந்துவிடும் என்கிறார் அக்கா. மறையட்டும்.

செப்டம்பர் 13, சனி

அக்கா தன் போனை மாடியிலிருந்து தானே கொண்டுவந்து கொடுத்தார். எபிசோட் 33, 34. தொடர் முடிந்தது.

உடை: சங்கு இடது மார்பில், துணி இடது தோளில், உறை இடது கையில். போடுகிறவன் இடது. மூன்று முறை சரிபார்த்தேன். அக்கா திங்கட்கிழமை முதல் என்னை நாலாவது மிஷினில் உட்காரச் சொல்லியிருக்கிறார்.

வலதுபக்கம்: இப்போது எல்லோரும் சரியான கையில் சாப்பிடுகிறார்கள். முந்தானை சரியான தோளில் இருக்கிறது. கதையை மட்டும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதே குப்பைதான். வில்லனைப் பார்த்து இவன் கத்துகிறான், மலை பிளக்கிறது. கடைசிக் காட்சியில் மலருக்கு முதல் முறையாகப் பேச்சு வருகிறது. முப்பத்துநாலு எபிசோட் காத்திருந்தவளுக்கு இவர்கள் எழுதிக் கொடுத்த வசனம், "நன்றி அண்ணா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டேன். அவளுக்கு எத்தனையோ சொல்ல இருந்திருக்கும். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நின்றாளே, அப்போது சொல்ல வேண்டியதையாவது சொல்ல விட்டிருக்கலாம்.

மாலை ஆறு மணி

அம்மா ஷிப்ட் முடிந்து வந்து அடுப்பில் ரசம் வைத்திருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முதுகு அவள் பக்கம் இருந்தது. அதனால்தான் முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அம்மா. அந்த லென்ஸ நான் உடைக்கல."

கரண்டிச் சத்தம் நின்றது. எந்த லென்ஸ் என்று அவள் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கையிலிருந்த வெங்காயத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லு கண்ணு" என்றாள்.